நோன்புத் தாகம்

சுலைமான் ஒன்றுக்குப் போனால் அவன் அம்மா பதருன்னிசாவும் பின்னாலேயே போவாள். அவன் நிக்கரை இழுத்துக்கொண்டு ஓடிய பிறகு, அந்த இடத்தில் குனிந்து நின்று மணலை உற்றுப் பார்ப்பாள். எறும்பு மொய்க்கிறதா என்று பார்க்கிறாளாம். ஏழு வயசுப் பையனுக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்? பாவம், அவனும் கோவளத்துக் கரையில் ஏற்றிவைத்திருக்கும் கட்டுமரம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒளிந்து பார்த்துவிட்டான். எங்கே ஒளிந்தாலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் வந்து நிற்பாள்.

"இன்னாக்கா, புள்ளைக்கு பின்னாடி சி.ஐ.டி. மாறி சுத்திக்கினே கீற?" என்று பக்கத்து வீட்டு ஜெசிந்தா வலையைப் பிரித்துக்கொண்டே கேட்பாள்.

"வவுத்துல பூச்சி கீதான்னு பாக்கறேன்."

"பூச்சி பாக்கற எடமா அது?" என்று ஜெசிந்தா சிரிப்பாள். பதருன்னிசாவும் சேர்ந்து சிரித்து வைப்பாள்.  உண்மையைச் சொல்ல முடியுமா? சொன்னால் சாயங்காலத்துக்குள் பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு எல்லாம் சுற்றிவிட்டு அவள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். மூத்தவளைப் பற்றி ஊர் பேசுவதே போதும்.

மூத்தவள் ஹபீபா. அவளுக்குச் சர்க்கரை வியாதி. தாத்தாக்களுக்கு வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒளித்துவைத்து லட்டு தின்கிறார்களே, அந்தச் சர்க்கரை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற இது வேறு ஜாதி. காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் உயிர். போடாவிட்டால் கிடையாது.

அது வந்த கதையைப் பதருன்னிசா இன்றைக்கும் மறக்கவில்லை. ஹபீபாவுக்கு அப்போது பதினொரு வயது. சித்திரை வெயில். பெண் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயிலுக்குக் குடிக்கிறாள் என்றார்கள். மெலிந்தாள். வளர்கிற வயசு என்றார்கள். ஒருநாள் சுருண்டு படுத்தவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கம்பவுண்டரிடம் போனார்கள். அந்தப் புண்ணியவான் தெம்புக்கு என்று குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான். மறுநாள் பெண் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள், பிறகு கண்ணே திறக்கவில்லை. செங்கல்பட்டில் குழந்தைகளுக்கென்று கிளினிக் வைத்திருந்த டாக்டர் ரங்கநாயகிதான் அவளை இழுத்துப் பிடித்தார். கண் விழித்தவள் முதலில் கேட்டது தண்ணீர். பதருன்னிசா அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் நர்சுகள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள்.

அதிலிருந்து அந்த வீட்டின் நடைமுறையே மாறிப்போனது. கண்ணாடி ஊசியைத் தினமும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். மருந்துப் புட்டி சூடு படாமல் இருக்க வேண்டும். பதருன்னிசாவின் புருஷன், ஹபீபாவின் அத்தா ஷேக் தாவூத் இறால் வியாபாரி. ஐஸுக்கு அவரிடம் பஞ்சமா? பெருமையாகப் புட்டியை இறால் பெட்டி ஐஸுக்குள் புதைத்தார். மருந்து உறைந்து பாழாய்ப் போனது. டாக்டரம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பிறகு ஒரு பானையில் ஈர மணலைக் கொட்டி அதற்குள் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதோடு சிறுநீர்ச் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் ஜாக்கிரதை. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. ஹபீபா இதையெல்லாம் தானே செய்துகொள்ளப் பழகிவிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷத்தில் ஒருநாள், மருந்து வாங்கப் போனபோது டாக்டர் ரங்கநாயகி பதருன்னிசாவை உட்கார வைத்தார்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு குழந்தைகள் இருக்கே. சின்னப் பொண்ணு, பையன். அவா ரெண்டு பேரோட ரத்தமும் எனக்குக் கொஞ்சம் வேணும். லண்டன்ல என் கூடப் படிச்சவா பரிசோதனை பண்றா."

"அதுங்களுக்கு ஒண்ணியும் இல்லியே டாக்டரம்மா. நல்லாத்தான கீதுங்க."

"நன்னா இருக்கறச்சேதான் பாக்கணும்." டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "உடம்புக்குள்ள கிருமியோட சண்டை போட ஒரு படை இருக்கு. சில பேருக்கு அதுக்குப் புத்தி கெட்டுப்போய்டறது. இன்சுலின் சுரக்கற எடத்தையே போய் அடிக்கறது. வியாதி வெளில தெரியறதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே அடிக்க ஆரம்பிச்சுடறதுன்னு இப்போ சொல்றா. அந்த அடையாளம் ரத்தத்துல தெரியும். ஒரு குழந்தைக்கு வந்தா, கூடப் பொறந்தவாளுக்கும் வரதுக்கு மத்தவாளைவிட ஜாஸ்தி எடமிருக்கு."

 பதருன்னிசா கேட்டாளே ஒரு கேள்வி, அதைப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

"சரி, கீதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்களா?"

"முடியாது. அதுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கலை."

"அப்பால இன்னாத்துக்கு தெரிஞ்சிக்கணும்? வர்ற அன்னிக்கு அழுதா பத்தாதா? இன்னிலேந்தே அழுவணுமா?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயமான கேள்விதான். ஹபீபா இங்க வந்தப்போ எப்படி இருந்தா, ஞாபகம் இருக்கா? இன்னும் ஒரு நாள் லேட்டா வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. தடுக்க முடியாது, வாஸ்தவம். ஆனா வாசல்ல வரச்சயே பாத்துடலாம்."

அந்தக் கட்டில் கால் பதருன்னிசாவின் கண் முன்னால் வந்தது. அடுத்த வாரமே உம்மு சல்மாவையும் சுலைமானையும் கூட்டி வந்து கையை நீட்ட வைத்தாள். சுலைமான் கிளினிக் இடிந்து விழுகிற மாதிரி கத்தினான். உம்மு சல்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். நடுவில் பிறந்தவள். மூத்தவள் வியாதிக்காரி, கடைசியில் ஆண்பிள்ளை. அவள் அழுது ஆகப்போவது என்ன?

பல மாதம் கழித்துத்தான் முடிவு வந்தது. டாக்டர் பதருன்னிசாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். சுலைமானின் ரத்தத்தில் அந்த அடையாளம் இருக்கிறது. உம்மு சல்மாவின் ரத்தத்தில் இல்லை.

"அடையாளம் இருந்தா வந்தே தீரும்னு இல்லை. வராமலே போகலாம். இல்லேன்னா அவளை விட்டுடலாம்னும் இல்லை. ரத்தம் எடுத்த அன்னிக்கு இல்லை, அவ்வளவுதான். ரெண்டு பேரையும் பாத்துண்டே இருங்கோ. சக்கரை தின்னு வர வியாதி இல்லை இது, பட்டினி போட்டுடாதீங்கோ."

அவர் இத்தனையும் சொன்னார். பதருன்னிசா கேட்டது இவ்வளவுதான்: பையனுக்கு வரும், பெண்ணுக்கு வராது. பெற்றவள் காதில் வேறெப்படி விழும்? திருப்போரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அழவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் வந்தாள். தலையில் கல்லைப் போட்ட கையோடு அல்லா ஒரு கல்லை இறக்கியும் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உம்மு சல்மாவைக் கட்டிப் பிடித்து உச்சி முகர்ந்தாள்.

"உனுக்கு ஒண்ணியும் இல்லடி கண்ணு. நீ தப்பிச்சிகினே."

அதோடு அவளைப் பற்றிய கவலையை இறக்கி வைத்துவிட்டாள். மிச்சம் இருந்த கவலை மொத்தமும் சுலைமான் தலையில் விழுந்தது.

அந்த ஒரு வருஷம் பையன் பட்ட பாடு சொல்லி மாளாது. பாயசம் கிடையாது. கடலை மிட்டாய் கிடையாது. பெருநாளைக்குத் தெருவெல்லாம் சேமியா மணக்கும்போது அவனுக்கும் அக்காவுக்கும் மட்டும் உப்புப் போட்ட இடியாப்பம். ஓடி விளையாடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடித்தால் போதும், "குழாய எடு ஹபீபா" என்று கூப்பாடு போடுவாள். நீலம். ஒவ்வொரு முறையும் நீலம். ஆனாலும் அவள் மனசு ஆறாது. இன்றைக்கு ஏமாற்றுகிறது, நாளைக்குக் காட்டிக்கொடுக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"பாவம் அந்த பையன். பேஜார் பண்ணாத, வுட்டுடு" என்பார் ஷேக் தாவூத்.

"வுட்டுட்டுதான் ஹபீபாவை தூக்கிகினு ஓடினோம்" என்பாள். அவர் இறால் தராசைத் துடைக்கப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் ரமலான் ஆடி மாதத்திலேயே பிறந்தது. கடற்காற்று மாலையில்தான் எட்டிப் பார்க்கும். பகலெல்லாம் கொதிக்கிற மணல். அந்த வெயிலில் உம்மு சல்மா ஒரு காரியம் செய்தாள். மாதம் முழுக்க நோன்பு பிடிக்கிறேன் என்றாள். பதினொரு வயசுப் பெண்ணுக்கு அது கடமை இல்லை. முந்தின வருஷம் ஆசைக்கு ஒரே ஒரு நோன்பு பிடித்து, புதுப் பாவாடை கட்டி, பூ வைத்து, தெருவே வந்து வாழ்த்தியாயிற்று. இந்த வருஷம் முப்பதும் பிடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பதருன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. விடியலுக்கு முன்னால் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் எழுப்ப வேண்டியதுகூட இல்லை, தானே எழுந்து உட்கார்ந்திருந்தது பெண். ஹபீபாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊசி போடுகிறவள் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். வீடே வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் சமையலறை மூலையில் உட்கார்ந்து மதியச் சோறு தின்ன வேண்டும். தங்கை ஊர் மெச்ச நோன்பிருக்கிறாள், தனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அவளுக்கு ஆற்றாமை.

மாதம் பாதி போயிற்று. உம்மு சல்மாவின் முகம் சிறுத்தது. ரவிக்கை தொளதொளத்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவுடன் சொம்பைத் தூக்குவாள். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு, அதற்கப்புறம்தான் கஞ்சி. கஞ்சி குடித்த பிறகும் தண்ணீர். தொழுகைக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள்.

"இந்த வெயில்ல பெரியவங்களே சுருண்டுக்கறோம். உம் பொண்ணு மொவத்த பாரு பதரு, எப்டி ஒளி வந்துகீது."

பதருன்னிசாவும் பார்த்தாள். அவளுக்கும் ஒளிதான் தெரிந்தது. "நோன்புத் தாகம், பாவம் குழந்த" என்று தானே சொம்பை நிரப்பிக் கொடுத்தாள். பெண் குடிப்பதை எதிரில் உட்கார்ந்து ஆசையாகப் பார்த்தாள். அந்த ஒரு மாதம்தான் அவள் உம்மு சல்மாவை அப்படி முகம் பார்த்து உட்கார்ந்திருந்தது. நடுவில் சுலைமான் தண்ணீர் கேட்டால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்புவாள்.

கடைசிப் பத்து நோன்பில் ஒருநாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பதருன்னிசா கஞ்சிக்கு அரிசி உடைத்துக்கொண்டிருந்தாள். ஷேக் தாவூத் கரையில் இறால் கம்பெனி வேனுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் ஸ்பிரிட் விளக்கு எரிகிற வாசனை வந்தது. ஹபீபா சோதனை செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஹபீபா கையில் பிடித்திருந்த குழாய் செங்கல் நிறத்தில் இருந்தது.

"அடிப்பாவி, இன்னாத்த தின்ன? பேரீச்சம்பழத்துல கை வெச்சியா? எல்லாரும் நோன்போட கீறோம், உனுக்கு வாய கட்டத் தெரியாதா?"

 பக்கத்தில் செங்கல் மேல் இன்னொரு குழாய் நின்றது. அது இளம்பச்சை.

"இதுதான் என்னுது" என்று அந்தப் பச்சைக் குழாயைக் காட்டினாள்.

பதருன்னிசாவின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. "சுலைமானா? ஐயோ அல்லா, நான் அன்னிக்கே சொன்னேனே. எங்க அவன்? சுலைமான்..."

"சுலைமானுது இல்லம்மா." ஹபீபா செங்கல் நிறக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "சல்மாவோடது. சும்மா பாக்கலாம்னு கேட்டு வாங்கினேன்."

"போடி. அவளுக்குதான் இல்லன்னு சொல்ட்டாங்களே. அவ நோன்பு. காலைலேந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

"அதான்ம்மா நானும் சொல்றேன். சஹருக்கு குடிச்சது. அதுக்கப்பால ஒரு சொட்டு தண்ணி கிடையாது. நீ எத்தினி தபா போன இன்னிக்கி கொல்லைக்கு?"

"நானா? காலைல ஒரு தபா..."

"அவ போய்க்கினே கீறா. மதியம் போனா, பாங்கு சொன்னதும் போனா, இப்ப தொழுதுட்டு வந்ததும் போனா. தண்ணியே குடிக்காதவளுக்கு எங்கேந்துமா வருது? நான் சோறு துன்னுகினு இங்கியே குந்திகினு கீறேன். எனுக்குதான தெரியும். எனுக்கு இப்டிதான் வந்துது. நோன்புன்னா தாகம் எடுக்கும். இது நோன்புத் தாகம் இல்லம்மா."

பதருன்னிசா அந்தச் செங்கல் நிறக் குழாயை வாங்கிப் பார்த்தாள். மாதம் முழுக்க எதிரில் உட்கார்ந்து பார்த்தாளே, எதைப் பார்த்தாள்? சொம்பு சொம்பாகத் தானே எடுத்துக் கொடுத்தாளே. ஹபீபாவுக்கு வெயில் என்றார்கள், சல்மாவுக்கு நோன்பு என்றார்கள். அதே தாகம் அதே வீட்டுக்குள் இரண்டாம் முறை வந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவளோ மணலில் எறும்பு தேடிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவும் ஒரு நொடிதான். குழாயைக் கீழே வைத்தாள். அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. உள்ளே உம்மு சல்மா தொழுகைப் பாயிலேயே சாய்ந்து படுத்திருந்தாள். பதருன்னிசா அவள் வாயருகே குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தாள். ஹபீபாவை அன்று தூக்கிக்கொண்டு ஓடியபோது அழுகின பழ வாசனை அடித்தது. இவளிடம் அது இல்லை. "இன்னும் நேரம் கீது, இன்னும் நேரம் கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தண்ணீர் மொண்டு வந்தாள்.

"எழுந்துருடி கண்ணு. இத குடி."

உம்மு சல்மா பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். "நோன்பும்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான். பாங்கு சொல்லிடுவாங்க."

"நோன்பு போவட்டும். குடி."

"இத்தினி நாள் புடிச்சிட்டேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எல்லாம் போய்டும்மா."

"உடம்பு சொகமில்லாதவங்களுக்கு நோன்பு இல்லடி."

"எனுக்குதான் ஒண்ணியும் இல்லியே. நீதான சொன்ன, நான் தப்பிச்சிகினேன்னு?"

 பதருன்னிசா பெண்ணைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தை அழுத்தி, டம்ளரை உதட்டில் வைத்தாள். உம்மு சல்மா அழுதுகொண்டே முதல் வாயைக் குடித்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று குடித்தாள். ஹபீபா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

இறால் வேன் கிளம்பத் தயாராக நின்றதை ஷேக் தாவூத் மறித்துவிட்டார். டிரைவர் சுப்புராமன் நல்ல மனிதர்; சரக்கு மெட்ராசுக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்றெல்லாம் பேசாமல் நாலு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடம் கொடுத்தார். சுலைமானை ஜெசிந்தா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். இப்போது என்ன ஏதென்று அவள் கேட்கவில்லை. பதருன்னிசாவும் ஒளிக்கவில்லை. "எங்க சல்மாவுக்கும் சக்கரை வந்துட்சி ஜெசிந்தா" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு ஏறினாள்.

ஐஸ் உருகி வண்டிக்குள் இறால் கவிச்சித் தண்ணீர் ஓடியது. அதன் நடுவில் பதருன்னிசா சப்பணமிட்டு உட்கார்ந்து, உம்மு சல்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். கேளம்பாக்கம் தாண்டியபோது பெண் கண் திறந்து பார்த்தது.

"அம்மா, கோவமா?"

"உம்மேல இன்னாத்துக்குடி கோவம்?"

"கால் வலிக்குது, கண்ணு மங்கலா தெரியுதுன்னு ரெண்டு நாளா சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா நோன்பு வேணாம்னு சொல்லிடுவ."

"சொல்லியிருக்கலாம் இல்லடி? நோன்பு இன்னா அப்டி பெருசா?"

உம்மு சல்மா வண்டியின் கூரையைப் பார்த்தாள். "அக்காவுக்கு ஊசி. தம்பிக்கு எறும்பு பாக்கணும். நோன்பு புடிச்சாதான் நீ எம்பக்கத்துல குந்தற" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை அவள். வானம் நீலம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.  பதருன்னிசா குனிந்து பெண்ணின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். திருப்போரூர் வருவதற்குள் பாங்கு நேரமும் வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஷேக் தாவூத் ஒரு பேரீச்சம்பழத்தைப் பின்பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், வாயில் போடவில்லை.

கிளினிக்கில் டாக்டர் ரங்கநாயகி எதையும் கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. சோதித்தார், ஊசி போட்டார், கையில் பாட்டில் ஏற்றினார். உம்மு சல்மா பேசிக்கொண்டே படுத்திருந்தாள். ஹபீபா வந்த கோலமென்ன, இவள் வந்திருக்கிற கோலமென்ன! எல்லாம் ஆன பிறகுதான் டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் பதருன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆபத்து இல்லை. நெனவு தப்பலை, மூச்சும் சரியா இருக்கு. ரொம்ப நேரத்தோட கொண்டு வந்துட்டேள்."

"நீங்கதான இவளுக்கு இல்லன்னீங்க?" அடக்கி வைத்திருந்தது உடைந்து வந்துவிட்டது. "இல்லன்னீங்களே டாக்டரம்மா. அத நம்பித்தான அவள வுட்டேன். பையன் பின்னாடியே சுத்திகினு இருந்தேனே."

"அன்னிக்கு இல்லேன்னு சொன்னேன்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பரிசோதனையே புதுசு. இருக்குன்னா வரும்னும் இல்லை, இல்லேன்னா வராதுன்னும் இல்லை. அன்னிக்கு ஒரு தரம் சொல்லிட்டு விட்டுட்டேன். ஒரு அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கும்னு நான் யோசிச்சிருக்கணும். நாலு தரம் சொல்லியிருக்கணும்." பிறகு கேட்டார்: "யார் கண்டுபிடிச்சா?"

"ஹபீபா."

"ஹபீபாவா?" டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "அன்னிக்கு அவளுக்குப் பக்கத்துல இப்படி ஒருத்தி இல்லாமப் போய்ட்டா."

அப்போதுதான் பதருன்னிசா அழுதாள். டாக்டர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சில நாளில் உம்மு சல்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். விட்டுப்போன நோன்புக்கு என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு ஓயாத கவலை. "உனுக்கு பதிலா நான் புடிக்கறேன்" என்றாள் பதருன்னிசா. "அப்டியெல்லாம் மார்க்கத்துல கிடையாது" என்றார் ஷேக் தாவூத். "அது எனுக்கும் அல்லாவுக்கும் உள்ள பேச்சு, நீங்க இறாலைப் பாருங்க" என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

பெருநாள் காலையில் தெரு முழுக்க அத்தர் மணம். ஹபீபா தனக்கு ஊசி போட்டுக்கொண்டு, தங்கைக்கும் போட்டுவிட்டாள். முதலில் உம்மு சல்மா கையை இழுத்துக்கொண்டாள். "எனுக்கு யாரும் மெதுவா போடல, உனுக்கு நான் மெதுவா போடறேன் பாரு" என்று ஹபீபா சொன்னதும் நீட்டிவிட்டாள். பதருன்னிசா இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் செங்கல் மேல் மூன்று குழாய்கள் நின்றன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். நீலம் சுலைமானுடையது.

அடுப்பிலிருந்து சேமியாப் பாயசத்தை இறக்கி, முந்திரியும் திராட்சையும் மேலே தெரிகிற மாதிரி ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிச் சுலைமானுக்கு முன்னால் வைத்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். தொடவில்லை.

"இது யாருக்கு?"

"உனுக்குதான்."

"எனுக்கு சக்கரை வியாதி இல்லியா?"

பதருன்னிசா வாயைத் திறந்தாள். இல்லை கண்ணு, உனுக்கு ஒண்ணியும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் உம்மு சல்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி இல்ல" என்றாள். "துன்னு."